முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை

அந்த நாட்களில் மன்னார் பஸ் நிலையத்தில் என் மனைவியை அடம்பன் பஸ்ஸில் ஏற்றுவதென்றால் மூன்று பேர் வேண்டும். மேலே நின்று கையைப் பிடித்து இழுக்கக் கொண்டக்டர், கீழே நின்று முதுகில் தள்ள நான், பையை வாங்கிக்கொள்ள யாராவது ஒரு புண்ணியவான். அவளுடைய இரண்டு முழங்கால்களும் வெளிப்பக்கமாக வளைந்து போயிருந்தன. நேரே நிற்கும்போது நடுவால் ஒரு பூனை தாராளமாகப் புகுந்து போகலாம். வலது கால்தான் கூடுதல் மோசம். தேய்ந்து தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது என்று எக்ஸ்ரே பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆனாலும் சனிக்கிழமை என்றால் அடம்பனில் கட்டிக்கொடுத்த மகளையும் பேரனையும் பார்க்கப் போயே ஆவாள். ஆகவே சனிக்கிழமை தோறும் இந்தக் கூத்து நடக்கும்.

ஒருநாள் கொண்டக்டர், "அம்மாவைத் தூக்கி உள்ளுக்குப் போடுங்கோ ஐயா, நேரம் போகுது" என்றான். கெட்ட எண்ணத்தோடு சொன்னதில்லை. பஸ்ஸுக்குள் இருந்த சிலர் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். பின்னேரம் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து செருப்பைக் கழற்றியபோதுதான் சொன்னாள்.

"எனக்கு ஓட வேண்டாம், ஆட வேண்டாம். ஒருத்தரும் என்ர முதுகில கை வைக்காமல் அந்தப் பஸ்ஸில ஏறினால் காணும்."

அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதைக் கெடுத்தவன் நான். அதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

என் தொழிலையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் முட்டாள்தனம் விளங்காது. நான் மீன்பிடிப் படகுகளுக்கு ஜிபிஎஸ் கருவி பூட்டிக் கொடுப்பவன். கடற்கரைக்குப் போகிற வழியில் தகரக் கூரை போட்ட சின்னக் கடை. என்னிடம் கருவி வாங்குகிற ஒவ்வொருவரும் ஒரு பிரசங்கத்தையும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். "இது நீங்க நிக்கிற இடத்தைக் காட்டும், போற திசையைக் காட்டும். படகை ஓட்டாது. போன மாசம் மணல்திட்டு இருந்த இடத்தில இந்த மாசம் இராது. கண்ணைத் திறந்து வைச்சுக்கொண்டு ஓடுங்கோ." கருவியை நம்பிக் கண்ணயர்ந்து, திட்டில் ஏறி, எஞ்சினை உடைத்துக்கொண்டு வருகிறவர்களை வாய்க்கு வந்தபடி ஏசுவேன். கரையில் எனக்குப் பட்டப்பெயரே 'சுவாமி'. பிரசங்கம் வைப்பதால் வந்த பெயர்.

கொழும்பில் கணினி வழிகாட்ட முழங்கால் மூட்டு மாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அவளைவிட எனக்குத்தான் அவசரம் பிடித்தது. எங்களைப் பார்த்த டொக்டருக்கு நல்ல தமிழ் தெரியும். பொறுமையாக விளங்கப்படுத்தினார். தொடை எலும்பில் இரண்டு மெல்லிய கம்பிகளும் கீழ்க்கால் எலும்பில் இரண்டும் ஏற்றுவார்கள். அந்தக் கம்பிகளின் தலையில் சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கும். அறையில் உள்ள ஒரு கமரா அந்த உருண்டைகளையே பார்த்துக்கொண்டிருக்கும். காலைப் பிடித்து வட்டமாகச் சுழற்றினால், இடுப்பு மூட்டின் நடு எங்கே என்று கணினி கண்டுபிடித்துவிடும். பிறகு ஒரு கூரான கோலால் முழங்காலிலும் கணுக்காலிலும் சில இடங்களைத் தொட்டுக் காட்ட வேண்டும். அதற்கு மேல் எலும்பை எந்த இடத்தில், எந்தச் சாய்வில் அறுப்பது என்று திரையில் பாகைக் கணக்கில் தெரியும். அறுப்பது டொக்டரின் கைதான். கணினி பக்கத்தில் நின்று வழி சொல்லும்.

"அப்ப செட்டலைட் எங்க டொக்டர்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "மேல ஒண்டும் இல்லை. எல்லாம் அந்த அறைக்குள்ளதான்."

செட்டலைட் இல்லாமல் எப்படி இடம் பிடிபடும் என்று நான் விவாதத்துக்கு இறங்க, மனைவி என் முழங்கையில் கிள்ளினாள். எனக்கு அந்த ஒரு மணித்தியாலமும் திருவிழாவுக்குப் போன மாதிரி இருந்தது. அறுக்கப்போவது அவளுடைய கால் என்பது இடைக்கிடைதான் ஞாபகம் வந்தது.

முதலில் வலது கால், அது தேறிய பிறகு இடது என்று முடிவாயிற்று. முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்துதான் ஒபரேஷன். அரை மயக்கத்தில் படுத்திருந்தாலும் அவளுக்குக் காது கேட்டிருக்கிறது. தச்சுப் பட்டறைக்குப் பக்கத்தில் படுத்திருந்தது போலச் சத்தமாம். டொக்டர் திரையைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷில் இலக்கம் சொல்லிக்கொண்டிருந்தாராம். கடைசியாக அவர் "சீரோ" என்றதும் அறையில் இருந்தவர்கள் எல்லோரும் ஆறுதலாகக் கதைக்கத் தொடங்கினார்களாம்.

"சைபருக்கு வந்திட்டுதாம் என்ர கால்" என்று வார்டில் என்னிடம் சொன்னாள். வேதனையிலும் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

அடுத்த நாள் டொக்டர் அந்த அளவுகளை ஒரு தாளில் அச்சடித்துத் தந்தார். வேண்டுமென்று கேட்டு வாங்கியவன் நான்தான். முன்பு பக்கவாட்டு வளைவு பன்னிரண்டு பாகை, நீட்டினால் நிமிராமல் நின்றது பத்துப் பாகை. பின்பு இரண்டும் சைபர். காலின் படத்துக்கு நடுவால் நேர்கோடு ஒன்று பச்சை நிறத்தில் போனது. என் ஆயுளில் எந்தக் கருவியும் இவ்வளவு சுத்தமாக ஒரு கோடு காட்டி நான் பார்த்ததில்லை.

நான் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பிள்ளை வந்தாள். சிங்களப் பிள்ளை, எங்களுக்காகத் தமிழைத் தேடித் தேடிக் கதைத்தாள். ஒரு துவாயைச் சுருட்டி மனைவியின் குதிக்காலுக்குக் கீழே வைத்து, முழங்காலைக் கட்டிலை நோக்கி அமத்தச் சொன்னாள். மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு அமத்தினாள். பிறகு அந்தப் பிள்ளை என் பக்கம் திரும்பி, கட்டிலில் கிடந்த தலையணையை எடுத்து முழங்காலுக்குக் கீழே வைப்பதுபோலக் காட்டி, விரலை ஆட்டினாள்.

"ஐயா, இங்க தலாணி எப்பா, வேண்டாம். நோவு எண்டாலும் எப்பா. கால் அப்படியே நிண்டிடும். குதிக்கு மட்டும் வைக்கிறது. விளங்கினதா?"

"ஓம் ஓம்" என்றேன்.

எனக்குக் கேட்கவில்லை என்று இன்றைக்கு ஒருவரிடமும் சொல்ல முடியாது. நன்றாகக் கேட்டது. விளங்கவும் விளங்கியது. என் கண் மட்டும் அந்தப் பச்சைக் கோட்டில் நின்றது. அவள் தந்த பயிற்சித் தாளை நாலாக மடித்துப் பையின் அடியில் போட்டேன். டொக்டர் தந்த தாளை மடிக்க மனம் வராமல், எக்ஸ்ரே உறைக்குள் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தேன்.

மன்னாருக்கு வந்த மறுநாளே அதை லமினேட் பண்ணினேன். கடையில் திசைகாட்டிக்குப் பக்கத்தில் ஆணி அடித்துக் கொழுவினேன். வந்தவன் போனவன் எல்லோருக்கும் காட்டி, அடுத்த பிரசங்கத்தை ஆரம்பித்தேன். "பார், ஒரு பாகை பிசகில்லை. இனிக் காலுக்கும் ஜிபிஎஸ்தான்." பேசாலையில் இருந்து எஞ்சின் சாமான் வாங்க வந்த ஒருவர், தன் தாய்க்கும் முழங்கால் வருத்தம் என்று அந்தத் தாளைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போனார். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

வீட்டில் அவள் துவாயைக் குதிக்காலுக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு மூன்று தரம். அமத்தும்போது அவளுடைய முகம் போகிற போக்கைப் பார்க்க ஏலாது. பார்க்க வந்தவர்களோ, வெட்டிக் கொத்தின உடம்பு ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும் என்கிற கட்சி. எங்கள் பக்கத்தில் ஒபரேஷன் செய்தவர் என்றால் பிள்ளை பெற்றவர் மாதிரித்தான். பால்சுறாவும் முட்டையும் பாணும் கொண்டுவந்து, கட்டிலைச் சுற்றி இருந்து ஒரு செபமாலை சொல்லி, போகும்போது "காலை ஆட்டாதேங்கோ, தையல் விடும்" என்று புத்தியும் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு ஒருவரும் விரல் ஆட்டிச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். அழுகிற ஆள் இல்லை அவள். தையல் இழுக்கிறது, பின்பக்க நரம்பு கயிறு முறுக்கினது போல இழுக்கிறது என்றாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அதோடு அது வாடைக்காற்று தணிந்து படகுகளைக் கடலில் இறக்குகிற நேரம். கடை வாசலில் நாலு பேர் கருவி பூட்டக் காத்துக்கொண்டிருந்தார்கள். மகளுடைய பழைய கட்டிலில் கிடந்த இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்து வந்தேன். அவளுடைய காலை மெதுவாகத் தூக்கி, முழங்காலுக்குக் கீழே வைத்தேன்.

கால் மடிந்து அதில் பொருந்தியது. அவள் கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டாள். ஒரு கிழமையாகக் கேட்காத மூச்சு அது. பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, அந்தப் பிள்ளை தலகணி வைக்க வேண்டாமெண்டு சொன்னவ எல்லோ?"

அந்த இடத்தில் எடுத்திருந்தால் எல்லாம் சரி. அவளே கேட்டாளே! கேட்டவளுக்கு நான் சொன்ன பதிலை இன்றும் நினைத்தால் என் வாயில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

"கொம்பியூட்டர் வைச்சு நிமித்தின கால். தலகணியாலயே வளையப் போகுது? பேசாமல் படு."

அவள் படுத்தாள். நான் கடைக்குப் போனேன். அன்று பின்னேரம் மூன்று படகு முடித்தேன்.

அதற்குப் பிறகு தலையணை அங்கேயே நின்றுவிட்டது. பயிற்சி மூன்று தரத்தில் இருந்து ஒன்றாகி, பிறகு நினைத்த நேரம் என்றாயிற்று. அவள் முனகுவது குறைந்தது, எனக்கு வேலை ஓடியது, வீடு அமைதியாக இருந்தது. அன்பினால்தான் வைத்தேன் என்று எனக்கு நானே கனநாள் சொல்லிப் பார்த்தேன். அன்பும் இருந்ததுதான். ஆனால் அவளுடைய அழுகை நின்றால் நான் கடைக்குப் போகலாம் என்பதும் அந்தத் தலையணைக்குள் இருந்தது. ஒரு மாதத்தில் இலவம்பஞ்சில் அவளுடைய முழங்கால் அளவுக்கு ஒரு குழி விழுந்துவிட்டது.

ஆறாம் கிழமை கொழும்புக்குக் காட்டப் போனோம். கைத்தடியோடு அவள் அறைக்குள் நடந்து வந்ததைப் பார்த்ததுமே டொக்டரின் முகம் மாறியது. கட்டிலில் படுக்க வைத்தார். இப்போது கமராவும் இல்லை, திரையும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாகைமானி போல, நீளமான இரண்டு கைகள் உள்ள ஒரு பிளாஸ்ரிக் சாமான். அதைக் காலின் பக்கத்தில் பிடித்து, நிமிர்த்தச் சொன்னார். அவளும் பலத்தையெல்லாம் கூட்டி நிமிர்த்தினாள். முழங்காலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் என் கை நுழைகிற இடைவெளி அப்படியே இருந்தது.

"பதினைஞ்சு" என்றார் டொக்டர்.

"அண்டைக்குச் சைபர் எண்டு சொன்னனீங்கள் டொக்டர்" என்றாள் அவள். "என்ர காதால கேட்டனான்."

"ஓம் அம்மா. எலும்பு இண்டைக்கும் நேராத்தான் இருக்கு. இது பின்பக்கத் தசையும் சவ்வும் இறுகினது. அதைக் கொம்பியூட்டர் பாக்காது. வீட்டில நீங்கதான் நீட்டி நீட்டி வைச்சிருக்க வேணும்." பிறகு கேட்டார்: "முழங்காலுக்குக் கீழ தலகணி ஏதும் வைச்சனீங்களோ?"

நான் வாயைத் திறக்க ஒரு கணம் இருந்தது. நிச்சயமாக இருந்தது.

"நான்தான் வைச்சனான் டொக்டர். நோவு தாங்கேலாமல்" என்றாள் அவள்.

டொக்டர் அவளை ஏசினார். பெரிய ஏச்சு இல்லை. இவ்வளவு சொல்லியும் இப்படிச் செய்யலாமா, இவ்வளவு நுட்பமாகச் செய்த வேலையை வீணாக்கலாமா என்று பள்ளிக்கூட வாத்தியார் கேட்பது போலக் கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் "ஓம் டொக்டர், பிழைதான் டொக்டர்" என்று தலையாட்டினாள். நான் சுவரில் இருந்த எலும்பின் படத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். கதவடியில் அந்தச் சிங்களப் பிள்ளை நின்றாள். யாரிடம் விரல் ஆட்டிச் சொன்னது என்று அவளுக்கு நல்ல ஞாபகம் இருந்தது. என்னையே பார்த்தாள்.

கரையில் எத்தனை பேரை ஏசியிருப்பேன்! எனக்கு ஏச்சு விழுகிற இடத்தில் மனைவியை முன்னுக்கு விட்டுவிட்டு நின்றேன்.

திரும்பி வந்த அன்றே கடையில் இருந்து அந்தத் தாளைக் கழற்றினேன். கிழித்து எறியலாம் என்று பார்த்தால், லமினேட் பண்ணியதைக் கிழிக்கவும் ஏலாது. அலுமாரியில் சீலைகளுக்குக் கீழே வைத்தேன். பையின் அடியில் கிடந்த பயிற்சித் தாளைத் தேடி எடுத்து, அதைக் கட்டிலடியில் ஒட்டினேன். வலைக்குப் போடுகிற ஈயக் குண்டுகளைத் துணிப்பையில் கட்டி, குதிக்காலுக்குத் துவாயும் முழங்காலுக்கு மேலே அந்தப் பாரமும் வைத்து, காலை, மத்தியானம், பின்னேரம் என்று நானே பக்கத்தில் இருந்து நிமிர்த்தினேன். இங்குள்ள ஆஸ்பத்திரியில் பாரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டுதான் செய்தேன். கடை பூட்டிக் கிடந்தால் கிடக்கட்டும் என்று இருந்தேன். அவள் அழுதாள். இந்த முறை நான் எழும்பிப் போகவில்லை. ஆனால் முதல் ஆறு கிழமையில் கிடைத்திருக்க வேண்டியது அறுபது கிழமை போனாலும் கிடைக்காதாம். பதினைந்து மெல்ல மெல்ல ஒன்பதானது. அதோடு நின்றுவிட்டது.

தவசு காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். தலையணை வைத்ததைச் சொன்னேன். தலையணை வைப்பது என்ன பாவம் என்று கோயில் சுவாமி குழம்பிப்போனார். கிளினிக்கில் வாய் திறக்காமல் நின்றதையும் சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். "மனுசியிட்டயும் அதைச் சொல்லும்" என்றார். செபத்தை அங்கேயே முழங்காலில் நின்று சொல்லி முடித்தேன். மற்றதைச் செய்யவில்லை. அவளிடம் என்ன புதிதாகச் சொல்ல இருக்கிறது, அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று எனக்கு நானே நியாயம் பேசினேன். அவளும் அந்தக் கதையை ஒருநாளும் எடுக்கவில்லை. சோறு போட்டாள், கடைக்குத் தேத்தண்ணி அனுப்பினாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். மன்னித்துவிட்டாள் என்றே நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஒபரேஷனுக்குப் பிறகு முதல்தரம், பஸ்ஸில் அடம்பனுக்குப் போகப் போகிறேன் என்றாள். அதுவரை மருமகன்தான் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போனார். பஸ் நிலையத்துக்குப் போனோம். அதே உயரமான படி. மேலே ஒரு புதுக் கொண்டக்டர், எங்களைத் தெரியாதவன்.

அவள் கைத்தடியையும் பையையும் என்னிடம் தந்தாள். ஒபரேஷன் செய்த வலது காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். வைக்க முடிந்தது. ஊன்றி எழும்பத்தான் முடியவில்லை. பாதி எழும்பியதும் முழங்கால் பூட்டுப் பிடிக்காமல் நடுங்கியது. திரும்பக் கீழே வந்தாள். என் கை தன்பாட்டில் அவளுடைய முதுகுப்பக்கம் போனது.

"வேண்டாம்" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

பிறகு இடது காலை வைத்தாள். வளைந்த கால், கணினியும் டொக்டரும் இன்னும் தொடாத கால். இரண்டு பக்கக் கம்பிகளையும் பிடித்துக்கொண்டு, ஒரு முனகலோடு அந்தக் காலில் எழும்பி, வலது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஏறிவிட்டாள். ஒருவரும் அவளைத் தொடவில்லை. கொண்டக்டர் அவளைக் கவனிக்கக்கூட இல்லை.

யன்னல் பக்கமாக இருந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. நான் கீழே நின்று கைத்தடியையும் பையையும் யன்னலால் கொடுத்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியே, ஏறிட்டாய்!" என்றேன்.

அவள் தலையாட்டினாள். சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, சந்தையில் என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"டொக்டரிட்ட நான் அப்பிடிச் சொல்லேக்க, நீங்க வாய் திறப்பீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். இவ்வளவு நாளும் பாத்தனான்." கொஞ்ச நேரம் பையின் பிடியைச் சரிசெய்தாள். "மற்றக் காலுக்குக் கொழும்புக்கு நான் மகளோட போறன். நீங்க வர வேண்டாம்."

"ஓம்" என்றேன்.

பஸ் வெளிக்கிட்டது.